மாரிச்செல்வியின் புதுத் தோல்

— தஹ்மீனா தாயி, அந்தப் படத்தை இன்னும் ஒரு தரம் காட்டேன்.

— காலையில இருந்து நாலாவது தரம், செந்தூர்பாண்டி அண்ணாச்சி! இந்தா, திரையப் பாருங்க. பட்டாசு ஆலை வெடியில மாரிச்செல்விக்கு முதுகு பூரா வெந்துபோச்சுல்ல, அதுக்காக அவ தொடையில ஸ்டாம்பு அளவுக்குத் தோல் எடுத்தோம். அதுல இருந்து வளத்த செல்லுதான் இம்புட்டும்.

— இங்கன உருண்டை உருண்டையா மிதக்கே, அது?

— அதெல்லாம் செத்தது. வெறும் சத்துத் தண்ணியில வளக்கப் பாத்தோம், தட்டுல ஒட்டல. ஒட்டாட்டி இந்தச் செல்லு பொழைக்காது.

— அந்தா, அங்கன நல்லாப் பரந்து படுத்திருக்கே?

— அதுக்கு உங்க ரத்தத்துல செவப்பை நீக்கிட்டு, மிச்ச மஞ்சத் தண்ணியச் சேத்தோம். பிளாஸ்மான்னு பேரு. அதுல இருக்க ஒரு புரதம் செல்லைப் பிடிச்சு ஒட்ட வைக்கும். அல்புமின்னு இன்னொண்ணு இருக்கு. அது கொழுப்புச் சத்தைச் சொமந்துட்டு வந்து ஊட்டும், நஞ்சு வந்தா தானே பிடிச்சு வச்சுக்கிடும்.

— அடேயப்பா! பசை, சோறு, காவல், எல்லாம் ஒரே தண்ணிக்குள்ளயா? பட்டாசுக் குழாய்க்குப் பசை காய்ச்சவே நாங்க படுற பாடு இருக்கே! இத்தனை வருசமா எனக்குள்ளயே ஓடிட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே.

— நல்லாச் சிரிக்க வைக்கீக.

— சாத்தூர்ல ரத்தம் குடுக்கப் போனப்ப, ஏபி குரூப்பா, இது ஏபிக்காரவுகளுக்கு மட்டுந்தான் ஆகும்னுட்டாக. ஒரு மாதிரியாப் போச்சு.

— ரத்தம்னா அப்படித்தான். பிளாஸ்மா தலைகீழ். ஏபி பிளாஸ்மா எந்தக் குரூப்புக்கும் ஆகும். அதான் உங்களை நான் விடல.

— எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோ. தோலு பிடிச்சிருமா?

— தட்டுல பிடிச்சிருச்சு. இன்னைக்கு அவ முதுகுல வைக்காக. அங்கன பிடிச்சுதான்னு ஒரு வாரம் போனாத்தான் தெரியும். எட்டு வருசமா இந்த வேலை பாக்கேன், இப்படித் தழைச்சு நான் பாத்ததே இல்ல.

— புள்ள பொழைச்சாப் போதும்.

— பெத்த மனசு வேற என்ன சொல்லும்? ஆனா மூணு வாரமா வாசல்லயே கெடக்கீகளே, ஒருக்கா உள்ள போய் அவளைப் பாருங்க. கண்ணு முழிச்சா, அப்பா எங்க, அப்பா எங்கன்னுதான் கேக்காளாம்.

— அவ அப்பன் வெள்ளைத்துரை அந்த வெடியிலயே போயிட்டான் தாயி. அன்னைக்கு வெடிமருந்து கலந்தது நான்.