விசில் சத்தம் இல்லாத வீடு

மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொத்துக்காகவா செய்தாய் என்று கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர், அதனால் இதை முதலில் சொல்கிறேன். சொத்தெல்லாம் ஒன்றும் இல்லை.

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். மறதி நோய் வந்து எங்கள் பெயரெல்லாம் போய்விட்டது, வேலை மட்டும் போகவில்லை. நான் கண்ணை மூடினால் போதும், வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்துவிடுவார். உதட்டைக் குவித்து ஒரு விசில். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று சோபாவைத் தள்ளுவார். என் தோளைத் தட்டி, "ஏம்மா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார். எடுத்துவிட்டேன் என்றால் நகர்ந்துவிடுவார். கண் அசரும்போது திரும்ப வருவார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது ஒரே வேடிக்கை. சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.

அவரை அமைதிப்படுத்த மனநல டாக்டர் தினம் பாதி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான்மா. மறதி இருக்கிற வயசானவங்களுக்கு இது இதயத்த பாதிக்கலாம். வேற யார் மருந்து எழுதினாலும் இதப் பத்தி சொல்லிடுங்க. சில மருந்தோட சேர்ந்தா உயிருக்கே ஆபத்து" என்றார். நான் எதையும் கவனமாகக் கேட்டுக்கொள்பவள்.

மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். விசில் நின்றுபோனது. பாதி மாத்திரையை நானே முழுசாக்கினேன். டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் வேறு கடையில் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அசையாத மனிதரைத் தூக்க வேண்டும், கழுவ வேண்டும், ஊட்ட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மதியத் தூக்கம் மறுபடியும் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"சர்க்கரை மாத்திரை மட்டும்தான் டாக்டர்."

அவர் குனிந்து, "அப்படியா பெரியவரே?" என்றார். மாமா முனகினார்: "டிக்கெட்." டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் எழுதிய சளி மருந்தையும் பழைய மாத்திரையையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன்.

சில நாள் கழித்து, ஒரு மதியம், மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "இறங்கணும்மா. வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அவர் தோளை மெல்ல அழுத்தி, "உங்க ஸ்டாப் இன்னும் வரல மாமா, உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கணவர் வந்து எழுப்பியபோதுதான் விழித்தேன். தலைவலி இல்லை. இப்படி ஒரு மருமகள் கிடைக்க மாமா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவரிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.