பேரிகைக்குப் போன புளி

1951 மார்ச். சேலம் மாவட்டம், ஓசூர் தாலுகா. மாவட்டத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது. பேரிகைச் சந்தைக்குப் புளி ஏற்றிப் போன ரங்கம்மாவின் மாட்டுவண்டியை, மைசூர் எல்லைச் சாவடியில் ஏட்டு ராஜப்பன் நிறுத்தினார்.

— ரங்கம்மா, பேரிகையில புளியமரத்துக்குப் பஞ்சமா?

— இல்லீங்க ஏட்டய்யா.

— அந்த ஊருக்கே புளி கொண்டுபோய் விக்கிற ஒரே ஆளு நீதான்.

— நம்மது கொஞ்சம் இனிப்புங்க.

— ஓ... அதான் மூட்டை களக் களக்குங்குதா? லாரி டியூப்புல அடைச்ச சாராயம்தானே?

— கண்டுபுடிக்க நாலு வாரமாச்சுங்களே! மீசை மட்டும் பெருசா...

— மீசைய விடு. சரக்கு யாருது? சானமாவுக் காட்டுல துப்பாக்கியோட திரியறவங்களுதா?

— அவங்களுதான். ஏழைக்கு நெலம் புடிச்சுத் தரோம்னாங்க, எங்க வீட்டுக்காரரும் கூடப் போனாரு. மொதல்ல ராகி கேட்டாங்க, குடுத்தோம். அப்புறம் தோட்டா வாங்கணும், சாராயம் ஏத்துன்னாங்க. அவரு காய்ச்சல்ல போயிட்டாரு... வண்டிய மட்டும் விடல.

— நெலம்?

— அதையும் டியூப்புலதான் அனுப்புவாங்க போல.

— ஹ... முடியாதுன்னு சொல்றதுதானே?

— சொன்ன கங்கப்பன் கொட்டாய் எரிஞ்சுதே. நீங்கதானே வந்து சாம்பலப் பாத்து எழுதிட்டுப் போனீங்க.

— சரி, சரி... புளின்னு சொன்ன மடையன் யாரு? ஒரு மாசமா சிரிப்பு தாங்கல. அதக் கேக்கத்தான் நிறுத்துனேன்.

— அவங்க வைக்கோல்னுதான் சொன்னாங்க. புளி நான் சொன்னது.

— நீயா?

— யாராச்சும் சிரிச்சுக்கிட்டாவது கேப்பீங்கன்னு... ஒருக்கா மாட்டுன வண்டிய அப்புறம் அவங்க தொடமாட்டாங்க. ஜெயிலானாலும் சரி, புடிங்க. என்னங்க, மீசை தொங்கிப்போச்சு?

— ஒரு மாசமாத் தெரியும் ரங்கம்மா. மொத வாரமே காட்டுல இருந்து ஆள் வந்துட்டான். "புளி வண்டி நம்ம வண்டி, விட்டுடு"ன்னான். எனக்கும் மூணு பொண்ணுங்க...

— அய்யோ... அப்ப மாட்டிக்கலாம்னு நான் ஏத்துன புளியே அவங்களுக்கு அடையாளமாப் போச்சா!

— ஆமா. பேரிகை வரைக்கும் ஒருத்தனும் நிறுத்தமாட்டான். போ... வைக்கோல் வண்டியப் பத்தி மட்டும் எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல.

அடுத்த சந்தை நாளில் வைக்கோல் வண்டி ஒன்று அதே சாவடியில் பிடிபட்டது. ஓட்டிவந்த ரங்கம்மாவுக்கு மூன்று மாதச் சிறை.