வியாழக்கிழமைக் காயம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், என் குரல் முன்போல எழும்புவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

படம் பார்க்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவர் இடது கையில் பிடித்திருந்த டம்ளர் அடுத்த காட்சியில் வலது கைக்குப் போயிருந்தால், அதற்குமேல் எனக்குக் கதையில் மனம் ஒட்டாது. படம் எடுப்பவர்கள் இதைக் கன்டினியூட்டி என்பார்கள். இந்த வாரம் எடுத்ததும் அடுத்த வாரம் எடுத்ததும் ஒரே நாளில் நடந்ததுபோலத் தெரிய வேண்டும். பொத்தான், தலைமுடி, வியர்வை, எதுவும் மாறக்கூடாது. கல்லூரியில் நான் வீடியோ தயாரிப்பு படித்தேன். அதில் எனக்கு உருப்படியாக வந்தது இது ஒன்றுதான்.

கடைசி வருடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். யாருக்கும் தெரியாத ஒரு பாட்டுக் குழுவை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு முகம் உண்டாக்க வேண்டும். மூன்று நிமிடப் படம் ஒன்று, சுவரொட்டி ஒன்று. நான் வேறெங்கும் தேடவில்லை. என் தம்பியே இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு பங்க் குழு வைத்திருந்தான். கிட்டாரைப் போட்டு அடித்துக்கொண்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிப் பாடுகிற சங்கீதம் அது. பாட்டில் அவன் திட்டாத ஆள் கிடையாது. வீட்டில் கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால், அட்டையில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வருவான்.

ஒத்திகைக்கு எடுத்ததை ஸ்டுடியோ வாத்தியாருக்குப் போட்டுக் காட்டினேன்.

"ஏம்மா, இவனுங்க சண்டைக்கு வந்தவனுங்களா? லைப்ரரி புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்க வந்தவனுங்க மாதிரில்ல நிக்கிறானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதான் அதிகம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரி.

ஸ்டுடியோ எங்களுக்கு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், ஐந்து வாரம். முதல் வியாழனன்று ட்ரம்ஸ் அடிக்கிறவன், தவக்களை என்று கூப்பிடுவோம், உற்சாகத்தில் காலை வீசினான். மைக் ஸ்டாண்டு சாய்ந்து தம்பியின் இடது புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கன்னம்வரை இறங்கியது. பாட்டை நிறுத்தாமல் அவன் கேமராவைப் பார்த்தான். யாரையும் மன்னிக்கப்போவதில்லை என்பதுபோல ஒரு பார்வை. உண்மையில் அவனுக்கு மயக்கம் வந்துகொண்டிருந்தது. நான் கட் சொல்லவில்லை. பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். முடிந்ததும், அப்போதே படம் கக்குகிற கேமராவால் காயத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் பஞ்சு தேடினேன்.

"இதான் முகம்," என்றார் வாத்தியார்.

சுவரொட்டி ஒட்டிய நான்காம் நாள், கல்லூரியில் பாதிப் பேர் இடது புருவத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தம்பியிடம் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். தவக்களைக்குப் பொறுக்கவில்லை.

"டேய், அடிச்சது நானு. கையெழுத்து மட்டும் இவனா?"

அம்மா தையல் போட அழைத்துப் போகிறேன் என்றாள். தையல் போட்டால் நூல் தெரியும். "சின்னக் காயந்தாம்மா, நான் பாத்துக்கறேன்," என்றேன். அம்மா துணித் தொழிற்சாலையில் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். "நீ பாத்துக்கிட்டா எனக்கென்னடி கவலை," என்றாள்.

இளம் உடம்பு, கண்ணுகளா. ஆறே நாளில் பொருக்குத் தட்டிவிட்டது. சிவப்புச் சாயமும் கிளிசரினும் கலந்து தடவிப் பார்த்தேன். வாத்தியார் மானிட்டரைப் பார்த்து, "ஜாம் ஒட்டியிருக்கு, துடைச்சு விடும்மா," என்றார்.

ஆகவே இரண்டாம் வியாழன் காலையில் வெந்நீரில் பஞ்சை நனைத்து, பொருக்கை நன்றாக ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டேன். எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். அச்சு அசலாக இருந்தது. குறிப்புத் தாளில், இடது புருவம், அரை அங்குலம், ஈரம் என்று எழுதினேன்.

"எதுக்குக்கா பிச்சுட்ட?"

"உள்ள அழுக்கு தங்கக்கூடாதுடா."

"ஊர்ல அக்காங்கல்லாம் கொட்டுவாங்க, கிள்ளுவாங்க. எனக்குன்னு வாய்ச்சது தோலை உரிக்குது," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

மூன்றாம் வியாழனும் அப்படித்தான். நான்காம் வாரம் ஓரங்கள் தடித்து, கண்ணும் வீங்கிவிட்டது. முதல் வாரத்தில் வீக்கம் இல்லையே. எனக்கு அது பெரிய தலைவலியாகிவிட்டது. ஐஸ் கட்டியை ஒத்தி ஒத்தி ஓரளவு வற்றவைத்து, பொருக்கை எடுத்தேன். காயத்தில் வாடை இருந்தது. வாடை படத்தில் தெரியாது.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை அம்மா ஒருநாள் விடுப்புப் போட்டு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஊசி போட்டு, இறுக்கிக் கட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு வாரம் கட்டைத் தொடக்கூடாது, கண்ணுக்குப் பக்கத்துப் புண் லேசுப்பட்டதல்ல என்றார். அம்மா மாத்திரையை என்னிடம் கொடுத்தாள். அதை அவனுக்குக் கொடுத்தால் புண் காய்ந்துவிடும். பாக்கி ஒரு வியாழன்தான். வேளை தவறாமல் அவனுக்குச் சத்து மாத்திரை கொடுத்தேன். அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

வியாழன் மதியம் ஒப்பனை அறையில் கட்டைப் பிரிக்கப் போனபோது அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கை அனலாய்க் கொதித்தது.

"வேணாம்க்கா. கண்ணுக்குப் பின்னாடி இடிக்குது."

"கடைசி ஷாட்டுடா. அப்புறம் நீயே சொன்னாலும் தொடமாட்டேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான். அவனும் சம்மதித்தான் என்றே இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்கு அவன் பாடியதுபோல என்றைக்கும் பாடியதில்லை. முதல் நாள் பார்த்த பார்வை அப்படியே திரும்பி வந்தது.

சனிக்கிழமை அவனுக்கு நினைவு தப்பியது. சீழ் கண்ணுக்குப் பின்னால் இறங்கித் தலைக்குள் போய்விட்டதாகப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போய்விட்டான். பத்தொன்பது வயது.

"யாரு கட்டு மாத்தினது?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"இவதாங்கய்யா. பெத்தவ நான்கூட இப்படிப் பாத்திருக்கமாட்டேன்," என்றாள் அம்மா, என் தோளைக் கட்டிக்கொண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப்பின் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். பார்த்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னாள்.

என் படத்துக்கு முதலிடம் கிடைத்தது. எந்த ஷாட் எந்த வாரத்தது என்று இன்றுவரை ஒருவராலும் சொல்ல முடிந்ததில்லை.

நோயில் போனான் என்று எழுதிக் கொடுத்தார்கள். நோயில்லை, கண்ணுகளா. ஆறிவந்த புண்ணை நான்கு முறை பிரித்தது நான். மருந்தை மறைத்தது நான். என் தம்பியைக் கொன்றவள் நான். ஆனால் ஒன்று, ஒரு தடவைகூட அவனுக்கு வலிக்கிற மாதிரி நான் எடுத்ததில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

சரி, எழுந்து வீட்டுக்குப் போங்கள், தேடுவார்கள். உங்கள் வீடுகள் குறைவில்லாமல் நிறைந்திருக்கட்டும். பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். விளையாடும்போது அடிகிடி பட்டுக்கொண்டு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாய் மருந்து போட, வீட்டுக்கு வீடு என்னைப்போல ஓர் அக்கா இருக்கட்டும்.