டெர்லிஸ் இறங்கட்டுமா

உங்கள் தெரெரே பானத்தில் பனிக்கட்டி கொஞ்சம் அதிகம், அம்மா. இலையின் கசப்பு செத்துவிடுகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த வெயிலில் விசாரணைக்கு வந்தவனுக்கு எந்த அதிகாரி குவளை நீட்டுவார்? கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். டெர்லிஸ் செத்ததில் உங்களைவிட எனக்குத்தான் வருத்தம் அதிகம்.

ரிபேரா கிளப்பின் நிர்வாகியாக நான் வந்தபோது, மைதானத்துப் படிக்கட்டுகளில் ஆட்களைவிட நாய்கள்தான் அதிகம் உட்கார்ந்திருந்தன. ஆற்றங்கரைக் கால்பந்துக் குழுவுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை கிடைக்கும்? நான்தான் ஆட்டத்தைத் தூக்கி ரசிகர்கள் கையில் கொடுத்தேன். கைப்பேசியில் ஒரு செயலி. யார் இறங்குவது, யாரை மாற்றுவது, சட்டைக்கு என்ன நிறம், எல்லாமே வாக்கு. யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம். நாலு பேருக்குப் பிடித்தால் அது மேலே ஏறும். ஊர் சொன்னதற்குப் பயிற்சியாளர் ருஃபினெல்லி கட்டுப்பட வேண்டும். "அப்ப நான் எதுக்கு, விசில் ஊதவா?" என்று ருஃபினெல்லி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு பழகிக்கொண்டார்.

ஒருமுறை பெனால்டியை கோல்கீப்பரே அடிக்கட்டும் என்று ஊர் முடிவு செய்தது. பந்து சுவரைத் தாண்டி ஆற்றில் போய் விழுந்தது. தோற்றோம். வேறு கிளப்பாக இருந்தால் ருஃபினெல்லியின் காரில் ஒரு கண்ணாடி மிஞ்சியிருக்காது. எங்கள் ஆட்களோ சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவரவர் விரல்தானே அழுத்தியது, யாரைத் திட்டுவது? இந்த முறையின் அருமை எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தால், தேர் குடைசாய்ந்த பழியும் ஊருக்குத்தான். பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கவளம்கூடத் தேறாது.

டெர்லிஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அணியில் கோல் அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பயிற்சியில் மயங்கி விழுந்தான். கிளப் டாக்டர் ஒல்மேதோ என்னையும் அவனையும் உட்காரவைத்துச் சொன்னார்: இதயத்தின் தசை தடித்துப்போயிருக்கிறது, ஓடினால் எந்த நேரமும் நின்றுவிடலாம், உடனே தலைநகர் அசுன்சியோனுக்குக் கொண்டுபோங்கள் என்று. அந்த ஞாயிறு ஆட்டத்தில் தோற்றால் ரிபேரா கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அவனை இறக்க மாட்டேன் என்று ருஃபினெல்லி ஒற்றைக்காலில் நின்றார். நல்ல மனிதர். ஆனால் அதை முடிவு செய்ய அவருக்கு அதிகாரம் கிடையாது. எனக்கும் கிடையாது. மக்களிடம் கேட்பதுதான் எங்கள் முறை.

"கேக்கிறதுன்னா நெஞ்சு விஷயத்தையும் சொல்லிக் கேளுங்க" என்றார் ஒல்மேதோ. நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியவரே இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். அந்தப் பதிலில் எனக்கு இன்றைக்கும் திருப்திதான்.

கேள்வியை எழுத எனக்கு நெடுநேரம் பிடித்தது. வேலையை ஏனோதானோ என்று செய்கிறவன் இல்லை நான். 'உடம்பு சரியில்லாத டெர்லிஸ் ஆடலாமா' என்று கேட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள். பயமுறுத்தி வாக்கு வாங்குவது நியாயமில்லை. அதனால், 'நம் டெர்லிஸ் நமக்காக இறங்கட்டுமா?' என்று எழுதினேன். கிளப் சட்டை போட்ட கைக்குழந்தையை அவன் தூக்கி வைத்திருக்கும் படத்தைப் பக்கத்தில் போட்டேன். எங்கள் ஊரில் இதற்கு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அவனை என் அறைக்குக் கூப்பிட்டு, இறங்கட்டும் என்று வந்த முடிவைக் காட்டினேன். தெரெரே ஊற்றிக் கொடுத்தேன். ஒரு குவளை குடித்துவிட்டு, நன்றி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். நன்றி சொன்னால் போதும், இனி ஊற்றாதே என்றுதான் நமக்கெல்லாம் அர்த்தம். நான் மறுபடி ஊற்றி நீட்டினேன். அதையும் வாங்கிக் குடித்தான்.

"அனஸ்தாசியோ ஐயா, என் நெஞ்சு விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

"உன்னை அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், மகனே" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதல் பாதியில் ஒரு கோல் அடித்தவன், இரண்டாவது பாதியில் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கை நெஞ்சில் இருந்தது. ருஃபினெல்லி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "அவனை வெளிய எடு. உன் காலில விழறேன்" என்றார். மாற்று ஆட்டக்காரரை இறக்குவதும் வாக்குதான், அம்மா. உடனே கேள்வியைத் திறந்தேன்: 'டெர்லிஸுக்கு ஓய்வா, இன்னொரு கோலா?' படிக்கட்டு முழுக்கத் தலைகள் கைப்பேசியில் குனிந்தன. இன்னொரு கோல் என்று வந்தது. அவன் எழுந்து நின்றபோது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது நானும் ருஃபினெல்லியும் மட்டும்தான். பந்தை நோக்கி ஓடினான். பந்து வரை போகவில்லை. கீழே விழுந்ததும், தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து ரசிகர்கள் பெனால்டி கேட்டுக் கத்தினார்கள்.

நிமியாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் மனைவி. ஆமாம், வாக்கு நடந்த சனிக்கிழமை காலையில் அவள் செயலியில் எழுதினாள். எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. 'என் புருஷனுக்கு நெஞ்சு சரியில்ல. ஓடினா செத்துடுவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேணாம்னு அழுத்துங்க, கும்பிட்டுக் கேக்கிறேன்.' அது விறுவிறுவென்று மேலே ஏறியது. படித்தவர்கள் வாக்கை மாற்ற ஆரம்பித்தார்கள். நான் அதை எடுத்துவிட்டேன். திரும்ப எழுதினாள், திரும்ப எடுத்தேன். பிறகு அவளை உள்ளே வர முடியாதபடி செய்துவிட்டேன். ஆட்டக்காரரின் குடும்பத்தார் பிரசாரம் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அவள் எழுதியதைப் பார்த்த பிறகுதான் அந்த விதியை எழுதினேன், மறுக்கவில்லை. இருந்தாலும் விதி விதிதானே.

கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் ஒரு ஊரே அழுத்தியதற்கு ஒருவன் தலையை மட்டும் உருட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று அவர்களிடமே கேட்டுவிடலாம், அம்மா. என்ன வந்தாலும் மறுபேச்சில்லாமல் கட்டுப்படுகிறேன்.

கேள்வியை மட்டும் நான் எழுதித் தருகிறேன்.