ஏழாவது மாடி டைப்பிஸ்ட்

ஏம்மா, நில்லு நில்லு, பெல்ல அடிச்சிடாத. ரத்தம் எடுக்கத்தான வந்திருக்க? இந்த வீடுதான். உள்ள இருக்கா. நான் அவ புருஷன். ஆமா, தலகாணியோட படியிலதான் உக்காந்திருக்கேன், சிரிக்காத. காலைலதான் வெளிய தள்ளிக் கதவச் சாத்தினா. நீ போனா தெறப்பா. ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கிக்க, மூணு மாடி ஏறி வந்திருக்க. லிஃப்ட் இல்லாத வீட்ல ஒரு லிஃப்ட் மெக்கானிக், பாத்துக்க. ரிடையர் ஆயிட்டேன்.

அஞ்சாறு மாசம் முன்னாடி ஆள் சுருண்டுட்டா. செவுத்தப் பாத்தே படுத்துக்குவா. டிவி கெடயாது, பக்கத்து வீட்டு வம்பு கெடயாது. என்னத் திட்டறதக்கூட விட்டுட்டா, அப்பறம் வீடு என்னத்துக்கு ஆகும்? பொண்ணுக்கு போன் போட்டா, வயசானா அப்படித்தாம்ப்பாங்கறா. எனக்கு வேற சந்தேகம். நம்ம மேல ஏதோ கோவம், அதான் பேச மாட்டேங்கறான்னு.

சரின்னு பழைய தப்பெல்லாம் ஒத்துக்க ஆரம்பிச்சேன். தினம் ஒண்ணு. உன் கண்ணாடி ஜாடிய ஒடச்சது பூனை இல்ல, நான்தான்னேன். சரி விடுங்கன்னா. உங்கம்மா வரும்போதெல்லாம் ஓவர்டைம்னு சொல்லிட்டுப் பார்க்குல தூங்கினேன்னேன். சரி விடுங்க. அப்படியே பத்து நாள். கடைசியா பெருசு ஒண்ணு எடுத்து விட்டேன். நான் பாத்துக்கிட்ட ஆபீஸ் கட்டடத்துல, ஏழாவது மாடில ஒரு டைப்பிஸ்ட். லிஃப்ட் நல்லா ஓடும்போதே ரிப்பேர் பாக்கப் போவேன்னு... புரியுதுல்ல? மொறைக்காதம்மா. இவ திரும்பிக்கூடப் பாக்கல. சரி விடுங்க.

இவ அதுக்கே கோவப்படலன்னா, உடம்புல ஏதோ பெருசா ஆகியிருக்கு. அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா கீழ் இமைய இழுத்துப் பாத்தாங்க, வெள்ளவெளேர்னு இருக்கு. டெஸ்ட் எடுத்தா ரத்தத்துல ஹீமோகுளோபின் ஏழுதான், பன்னெண்டாவது இருக்கணுமாம். வயித்துல சின்னப் புண்ணு, அதுல கசிஞ்சு கசிஞ்சு போயிருக்கு. வயசானவங்க சில பேருக்கு ரத்தம் கொறஞ்சா மனசும் சேந்து சோந்துடும்னாங்க. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. லிஃப்ட் நின்னா மொதல்ல கரண்ட் வருதான்னு பாருங்கடான்னு முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவன். வீட்ல மட்டும் மோட்டாரக் கழட்டிட்டு உக்காந்திருக்கேன்.

அப்பறம் மருந்து, மாத்திரை. போன தடவ உங்க ஆளு வந்து எடுத்தப்ப பத்து. டிவி ஓடுச்சு. பக்கத்து வீட்டு வம்பு வந்துச்சு. இன்னிக்குக் காலைல காபிய டங்குனு வெச்சா. யாரந்த டைப்பிஸ்ட்? இத்தன மாசம் கழிச்சு! என்ன தொண்டங்கற, கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்து பாத்தாங்க. எனக்கு சந்தோஷத்துல பொலபொலன்னு கண்ணுல தண்ணி. அதப் பாத்துட்டு, அவள நெனச்சு அழறீங்களான்னு புடிச்சு ஒரு தள்ளு, பின்னாடியே தலகாணியும் பறந்து வந்துச்சு.

சமாதானமா? நான் எதுக்கும்மா பண்ணணும்? அந்தக் கட்டடத்துக்கு மொத்தமே நாலு மாடிதான். ஒத்துக்க வேற எதுவும் மிச்சமில்ல, நானும் என்னதான் பண்ணுவேன்? புது லிஃப்ட் ஓட்டிப் பாத்த அன்னைக்கு இவளும் வந்தா, கொழந்தையாட்டம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தா. அங்க ஏழாவது மாடியே இல்லன்னு அவளுக்கா ஞாபகம் வந்து கதவத் தெறக்கட்டும், உங்க ரிப்போர்ட் பாக்காமலே பன்னெண்டுன்னு நான் சொல்லிடுவேன்.

சரி, இப்ப அடி பெல்ல. கொஞ்சம் தள்ளி நின்னு அடி, உள்ள இன்னொரு தலகாணி இருக்கு.