சாணி படாத இடம்

பெருமாயி: எங்க மொளகுல டீசல் இருக்குதுன்னா சொல்றாங்க உங்க கம்பெனியில?

சதீஷ்குமார்: நானாச் சொல்லலீங்கம்மா. சோதனை பண்ணுனவங்க சொல்றாங்க. டீசலு, தாரு ரெண்டுமே...

பெருமாயி: தார் ரோட்டுல காயப்போட்டா பின்ன என்ன சாமி இருக்கும், பன்னீரா?

சதீஷ்குமார்: ரோட்டுல எதுக்குங்க போட்டீங்க?

பெருமாயி: களத்துல போடாதீங்கன்னு சொன்னது யாரு?

சதீஷ்குமார்: அது... கம்பெனி சட்டமுங்க. சாணி போட்டு மொழுகி வழிச்ச களத்துல காஞ்சத வெளிநாட்டுல வாங்க மாட்டாங்க.

பெருமாயி: செருப்புக்கால் வெச்சு அந்தக் களத்த ஒருத்தரும் மிதிக்க மாட்டோம். அது உங்களுக்கு அசிங்கமாப் போச்சு.

சதீஷ்குமார்: அதுக்குத்தான் கீழ விரிக்கப் படுதா தரோமுன்னு...

பெருமாயி: தந்தீங்களா?

சதீஷ்குமார்: கொண்டாந்தமுங்களே, ஒரு நாளு...

பெருமாயி: முழுசாச் சொல்லு கண்ணு. மொளகு வாங்கற வெள்ளக்காரங்க காருல வந்தாங்களே, அன்னிக்கு விரிச்சீங்க. நீலக் கலர்ல, பளபளன்னு. என்னையும் பக்கத்துல நிறுத்திப் படம் புடிச்சீங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும்...

சதீஷ்குமார்: மடிச்சு ஜீப்புல போட்டுக்கிட்டோமுங்க. அடுத்த ஊருலயும் படம் புடிக்கணுமுன்னு மேனேஜரு...

பெருமாயி: ஊருக்கு ஊரு ஒரே படுதாதானா? எரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போனாப்புல.

சதீஷ்குமார்: நான் கேட்டனுங்க. சட்டம் போடறது ஒரு ஆபீசு, சாமான் வாங்கித் தர்றது இன்னொரு ஆபீசு. இவங்க அவங்களக் கேளுங்கறாங்க, அவங்க இவங்களக் கேளுங்கறாங்க.

பெருமாயி: மழ உங்க ஆபீசக் கேட்டுக்கிட்டா வரும்? பறிச்ச மொளகு ஊட்டுக்குள்ள பூஞ்சணம் புடிக்குதுன்னு செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்துல நின்னு உனக்குப் போன் போட்டேன். நீயி என்ன சொன்ன?

சதீஷ்குமார்: சாணி படாத எடமாப் பாத்துப் போடுங்கன்னேன்...

பெருமாயி: எங்க ஊருல சாணி படாத எடம் புதுசாப் போட்ட ரோடு ஒண்ணுதான் சாமி.

சதீஷ்குமார்: சரி உடுங்கம்மா. மொளகு வீணாப் போவாது. லாரியில பாதி மூட்டை ஏத்தியாச்சு, மிச்சத்தையும் ஏத்தீருவோம்.

பெருமாயி: டீசல் இருக்குதுன்னியே?

சதீஷ்குமார்: வெளிநாட்டுக்குத்தானுங்க ஆவாது.

பெருமாயி: பின்ன எங்க போவுது?

சதீஷ்குமார்: இங்கயேதானுங்க... பாக்கெட்டுல போட்டு... சேலம், நாமக்கல்லு கடைக்கு. மேல கொல்லிமலை மொளகுன்னு அச்சடிச்சு, பச்ச எலையாட்டம் ஒரு படம்...

பெருமாயி: வெள்ளக்காரன் வயித்துக்கு ஆவாதது நம்ம புள்ளைங்க வயித்துக்கு ஆவுமா? அதுவும் எங்க மலைப் பேரப் போட்டு? வயிறு எரியுது எனக்கு.

சதீஷ்குமார்: வருசம் பூரா பாடுபட்டதுங்க. ஏத்தலீன்னா உங்களுக்கு ஒண்ணுமே...

பெருமாயி: எனக்குத் தெரியாதா? ஏத்துன மூட்டையெல்லாம் எறக்கு. குப்பக்குழியில கொட்டுனாலும் கொட்டுவேன், இதுக்குத் தர மாட்டேன்.

சதீஷ்குமார்: மேனேஜருக்கு நான் என்னன்னு சொல்றதுங்க...

பெருமாயி: அவருக்கு அப்பறம் சொல்லு. மொதல்ல எனக்குச் சொல்லு. உங்க ஊட்டு ரசத்துல போடறது இந்தப் பாக்கெட்டு மொளகுதானா? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

சதீஷ்குமார்: இல்லீங்கம்மா... எங்கம்மா மலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தைக்குத்தான் போவும். மலைக்காரங்க கொண்டாந்த மொளகுதானா, சாணி போட்டு வழிச்ச களத்துல காஞ்சதான்னு கேட்டுத்தான் வாங்கும்.