சனிக்கிழமைவரை மினா

ஷெரீஃப் ஐயா, அந்தச் சனிக்கிழமை பாறை விளிம்பில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: டைரக்டர் காஃப்னி, கேமராக்காரர் ஷோல்ட்ஸ், என் தம்பி மகள் மினா, நான். நல்ல வெயில். கீழே ஹட்சன் ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

மினா, வாரம் ஒரு பாகமாகத் தியேட்டரில் வரும் தொடர் படத்தின் நாயகி. ஓடும் ரயிலில் தாவுவாள், தடியர்களைத் தூக்கி எறிவாள். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் என்றுமே திடமானவர்கள். ஆனால் படத்திலும் அவளுக்கு அவளுடைய சொந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அவளை ஏதாவது ஆபத்தில் விட்டுவிட்டு, ‘மினா வான்டர்வீர் அடுத்த சனிக்கிழமைவரை இப்படியே இருப்பாள்’ என்று திரையில் எழுத்துப் போடுவார்கள். வான்டர்வீர் என்பது எங்கள் ஊரான ஃபோர்ட் லீயில் இருநூறு ஆண்டுகளாகப் பொய் சொல்லாத பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை கசாப்புக்கடை ஹூபர் எல்லார் முன்னிலையிலும் என்னிடம் கேட்டான்: “என்ன பெரியவரே, படத்துல பாலத்துல தொங்குற பொண்ணு காலையில வந்து ரெண்டு பவுண்டு ஈரல் வாங்கிட்டுப் போச்சே. திரும்பப் போய்த் தொங்கிக்கிச்சா?”

கடையே சிரித்தது. நான் எதுவும் வாங்காமல் திரும்பினேன்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை, ஓக் மரத்தில் கட்டிய கயிற்றில் மினா தொங்கும் காட்சி முடிந்ததும், அவளை நானே மேலே இழுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மற்ற இருவரையும் படகுத்துறைக்கு அனுப்பினேன். அவர்கள் இனி மறு சனிக்கிழமைதான் வருவார்கள்.

“பெரியப்பா, இழுங்க. கை எரியுது.”

அவள் காலுக்குக் கீழே இரண்டடி அகலத்தில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. அதில் நின்றுகொள்ளச் சொன்னேன். அந்தச் சலுகையை நான் மறைக்கவில்லை, ஷெரீஃப் ஐயா. திரையில் சொல்கிறபடி அடுத்த சனிக்கிழமைவரை அங்கேயே இருந்தாக வேண்டும் என்று விளக்கினேன். அது வெறும் கதை என்றாள். போட்டிருப்பது நம் பெயர் என்றேன்.

நான் கல்மனதுக்காரன் அல்ல. தினமும் இருவேளை கூடையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சூடான காப்பியும் இறக்கினேன். திங்களன்று மழை பெய்தது. என் குடையையும் இறக்கினேன். அவள் திட்டியதை இங்கே எழுத மாட்டேன். அது குடும்ப விஷயம்.

வியாழக்கிழமை அவள் தானாகவே கயிற்றைப் பற்றி ஏறி வந்துவிட்டாள். விளிம்புக்கு மேலே முகம் தெரிந்தது.

“தள்ளி நில்லுங்க பெரியப்பா. இல்லேன்னா உங்க மீசையைப் பிடிச்சுத்தான் ஏறுவேன்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நான் கயிற்றை அறுத்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கயிறு படக் கம்பெனியுடையது. முடிச்சைத்தான் அவிழ்த்தேன்.